தோற்றமும் வரலாறும்: அந்துப்பூச்சிக் கைந்நூல்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இரு பொருள்கள் ஒன்றுபோலத் தோன்றும்போது அவற்றை வேறு வேறாக அறிவது எவ்வாறு என்னும் வினா தருக்க நூலாருக்கும் பாடபேத ஆராய்ச்சியாளருக்கும் இலக்கிய விமர்சகருக்கும் பொதுவானது. அவ்வினா மிகக் கூர்மையாக எழும் துறைகளுள் ஒன்று, இலக்கியக்காரர் பொதுவாக எட்டிப் பாராத பூச்சியியலாகும். அதனுள்ளும், அந்துப்பூச்சிகளைப் புகைப்படத்தைக் கொண்டு இனங்காணும் முயற்சி இன்று பல்லாயிரவரின் ஓய்வுநேர ஈடுபாடாக வளர்ந்துள்ளது. இம்முயற்சிக்குத் துணையாகப் பிரித்தானியாவில் எழுந்த கைந்நூல்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் உருவம் எத்தகைய சமூகத் தேவையிலிருந்து பிறந்தது, அது எத்தகைய அறிவைத் தருகின்றது, எதனை மறைக்கின்றது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை. நூல்களின் பூச்சியியற் செம்மையை மதிப்பிடுதற்கு உரியோர் வேறு உளர். படமும் உரையும் சேர்ந்து ஒரு பொருளை எவ்வாறு நம்முன் நிறுத்துகின்றன என்பது விமர்சகனுக்குரிய கேள்வி.

உதாரணம் ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஐரோப்பாவிற் கோடைகால இரவுகளில் விளக்கொளியை நாடிவரும் இரு அந்துகள் உள. ஒன்றின் விஞ்ஞானப் பெயர் அக்குரோனிக்டா சை. மற்றதன் பெயர் அக்குரோனிக்டா ட்ரைடென்ஸ். ஆங்கிலேயர் முன்னையதைச் 'சாம்பற் குத்துவாள்' எனவும் பின்னையதைக் 'கருங் குத்துவாள்' எனவும் பொருள்படும் பெயர்களால் வழங்குவர். 1758இல் லின்னேயஸ் முதலாவதற்குப் பெயரிட்டபோது, சாம்பல் நிறச் செட்டையின்மேற் கிடக்கும் கரிய குறியைக் கிரேக்க நெடுங்கணக்கின் 'சை' என்னும் எழுத்தோடு ஒப்பிட்டார். 1775இல் டெனிஸ், ஷிஃபர்முல்லர் என்னும் வியன்னா அறிஞர் இருவர் மற்றதற்குப் பெயரிட்டபோது 'முப்பல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைச் சூட்டினர். 'சை' என்னும் எழுத்தின் வடிவமோ முத்தலைச் சூலத்தின் வடிவமே. ஆக, இரு பெயர்களும் ஒரே குறியை இருமுறை வருணித்தனவேயன்றி இரு பூச்சிகளையும் வேறுபடுத்தவில்லை. பெயரின் தோல்வி பெயரிட்டோரின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. முதிர்ந்த நிலையில் இவ்விரு பூச்சிகளின் செட்டைகளிலும் நம்பத்தக்க வேறுபாடு இல்லை என்பதே இற்றைவரை நிலைத்துள்ள முடிவு. 'கரும்' குத்துவாள் எப்போதும் கருமையாய் இருப்பதுமில்லை. எத்துணைச் சிறந்த கமெராவாயினும், எத்துணைத் தெளிவான ஒளியிலாயினும், அமர்ந்திருக்கும் பூச்சியின் படம் அதன் பெயரைத் தரமாட்டாது. பிறப்புறுப்பை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தே இரண்டையும் பிரிக்க வேண்டும்.

ஆயினும் இவ்விரண்டும் புழுப் பருவத்தில் ஒன்றையொன்று சிறிதும் ஒத்திருப்பதில்லை. சாம்பற் குத்துவாளின் புழு முதுகில் அகன்ற மஞ்சட் பட்டையும் நெடிதுயர்ந்த கரிய திமிலும் கொண்டது. மற்றதன் முதுகிற் செம்மஞ்சளும் வெண்மையும் கலந்த பட்டை. திமிலோ மிகக் குட்டையானது. பள்ளிச் சிறுவனும் இவற்றைப் பிரித்தறிவான். முடிந்த பொருளில் அழிந்துவிட்ட வேறுபாடு, அப்பொருள் உருவாகிய போக்கில் வெளிப்படையாக நிற்கின்றது. தோற்றமும் சாராம்சமும் ஒன்றாக இராமையையே விஞ்ஞானத்தின் தேவைக்குக் காரணமாக மார்க்ஸ் 'மூலதனத்தின்' மூன்றாம் பாகத்திற் காட்டிச்செல்வார். சந்தையில் நிற்கும் பண்டம் தான் பிறந்த உழைப்பின் வரலாற்றைத் தன் மேற்பரப்பில் அறிவிப்பதில்லை. அந்துப்பூச்சியைப் பண்டமென்று கூறுவது அபத்தம். ஆயின் முடிந்த பொருளை மட்டும் நோக்கும் கண் எங்கே தடுக்கி விழும் என்பதை இவ்விரு உதாரணங்களும் ஒருங்கே காட்டுகின்றன.

இவ்விடத்தில் ஜோர்ஜ் லூகாச்சின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரை பெரிதும் பயன்படும். எடுத்துரைத்தலையும் வருணித்தலையும் எதிரெதிரே நிறுத்தும் அக்கட்டுரையில், ஸோலாவின் 'நானா', டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' ஆகிய நாவல்களில் வரும் இரு குதிரைப் பந்தயக் காட்சிகளை அவர் ஒப்பிடுவார். ஸோலாவின் வருணனை விபரச் செறிவு மிக்கது. ஆயின் கதைமாந்தரின் விதியோடு அது தளர்வாகவே பிணைந்துள்ளது. டால்ஸ்டாயிடத்துப் பந்தயம் ஒரு வாழ்வின் திருப்பமாகின்றது. முன்னையது இயற்பண்புவாதம், பின்னையது யதார்த்தவாதம் என்பது லூகாச்சின் முடிவு. நம் விமர்சகரிடையேயும் 'புகைப்படம் பிடித்தாற்போல' என்னும் தொடர் ஒரு சாராரிடம் பாராட்டாகவும் மறுசாராரிடம் வசையாகவும் வழங்கிவந்துள்ளமை வாசகர் அறிந்ததே. அத்தொடரை மேலும் சிறிது துல்லியமாக ஆளுவதற்கு அந்துப்பூச்சிக் கைந்நூல்கள் இடமளிக்கின்றன. அவற்றிற் புகைப்படமும் ஓவியமும் மாறிமாறி ஆட்சி செலுத்தியுள்ளன, அம்மாற்றங்கள் தற்செயலானவையல்ல.

றிச்சட் சவுத் 1907, 1908ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட 'பிரித்தானியத் தீவுகளின் அந்துப்பூச்சிகள்' பல தலைமுறைகளுக்கு அடிப்படை நூலாக விளங்கியது. அதன் பின்னர் அத்தகைய நிலையைப் பெற்றது பெர்னாட் ஸ்கின்னர் 1984இல் வெளியிட்ட வர்ண இனங்காண் வழிகாட்டி. ஸ்கின்னரின் தட்டுகள் புகைப்படங்கள். ஆயின் எதன் புகைப்படங்கள்? உயிர்நீத்த பூச்சிகளை ஊசியிற் குத்தி, செட்டைகளைப் பலகையில் விரித்து உலரவைத்து, இழுப்பறையில் வரிசையாக அடுக்கிய மாதிரிகளின் புகைப்படங்கள். உயிருள்ள அந்து பெரும்பாலும் இவ்வாறு இருப்பதில்லை. அது பின்செட்டையை மூடி, முன்செட்டைகளைக் கூரைபோலச் சாய்த்தோ தட்டையாக வைத்தோ அமரும். விரித்த செட்டை சேகரிப்பாளனின் காட்சி; அவனுடைய இழுப்பறையே நூலின் பக்கமாக மாறியிருந்தது. கமெரா இயற்கையை உள்ளவாறு தருகின்றது என்னும் நம்பிக்கைக்கு இந்நூலே போதிய மறுப்பு. கமெரா தன் முன் வைக்கப்பட்டதையே தந்தது. வைத்த கை ஒரு நீண்ட மரபைச் சேர்ந்தது.

அம்மரபு குருமாருக்கும் மருத்துவருக்கும் நிலமுடையோருக்கும் மட்டும் உரியதாயிருந்ததெனக் கொள்வது பிழையாகும். இலங்காஷயர் நெசவாளரிடையே தாமே கற்றுத் தேர்ந்த தாவரவியலாளரும் பூச்சியியலாளரும் இருந்தனர். எலிசபெத் காஸ்கல் 1848இல் வெளியிட்ட 'மேரி பார்ட்டன்' என்னும் மன்செஸ்ரர் நாவலில் ஜோப் லெக் என்னும் முதிய தொழிலாளி பூச்சிகளைச் சேகரித்து விஞ்ஞானப் பெயர்களால் அழைக்கும் காட்சி கற்பனைக் கோலமன்று. அத்தகையோர் அந்நகரில் வாழ்ந்தனர். ஏங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாள வர்க்கத்தின் நிலைபற்றி எழுதிய நூல் 1845இல் வெளிவந்தது. அவர் நேரிற் கண்ட புகைபடிந்த மன்செஸ்ரரும் இதுவே. அந்நகரில் 1848இல், பிஸ்டன் பெத்துலேரியா என்னும் வெள்ளைப் புள்ளி அந்தின் முற்றிலும் கரிய வடிவம் ஒன்று கிடைத்தது. அவ்வடிவத்துக்குச் சூட்டப்பட்ட 'கார்பனேரியா' என்னும் பெயரே கரியை உணர்த்துவது. நூற்றாண்டின் இறுதியில் மன்செஸ்ரர்ப் பகுதியில் ஏறக்குறைய எல்லாப் பூச்சிகளும் கரியனவாய்விட்டன. ஆலைப்புகை மரங்களைக் கருமையாக்க, வெளிறிய பூச்சிகளைப் பறவைகள் எளிதிற் கண்டு தின்றன. 1956இன் தூய காற்றுச் சட்டத்தின் பின்னர் புகை குறைய, கரிய வடிவமும் அருகியது.

இது நமது முதல் உதாரணத்தின் மறுதலை. அங்கே ஒரு தோற்றம், இரண்டு இனம். இங்கே இரண்டு தோற்றம், ஓர் இனம். வெள்ளையையும் கரியதையும் அருகருகே படம்பிடித்து, வேறொன்றும் அறியாத ஒருவரிடம் காட்டின் அவர் இரு பெயர்களைத்தான் கேட்பார். உண்மையில் அப்படம் உலகெங்கும் பாடநூல்களில் அச்சாகியுள்ளது. 1950களிற் பேர்னாட் கெட்டில்வெல் நடத்திய ஆய்வுகளைத் தொடர்ந்து பரவிய அத்தகைய படங்கள் சிலவற்றில் பூச்சிகள் மரத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தன. இதனைக் கண்டுகொண்ட கூர்ப்புக் கொள்கையின் எதிரிகள் கொள்கையே பொய்யென்று ஆர்ப்பரித்தனர். மைக்கல் மஜேரஸ் ஆறாண்டுகளாக 4,864 பூச்சிகளைக்கொண்டு நடத்திய ஆய்வு, அவர் இறந்தபின் 2012இல் வெளியாகி, பறவைகளின் தேர்வு உண்மையே என நிறுவியது. படம் 'அமைக்கப்பட்டது' என்பதால் உண்மை பொய்யாகவில்லை. படம் 'எடுக்கப்பட்டது' என்பதால் உண்மை நிறுவப்பட்டிருக்கவுமில்லை. இதனை இருசாராரும் மறந்தனர்.

இனி 2003ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு போல் வாறிங், மாட்டின் டவுன்சென்ட் ஆகியோர் எழுத, றிச்சட் லூவிங்டன் வரைந்த கள வழிகாட்டி வெளிவந்தது. எண்முறைக் கமெரா வீடுதோறும் புகுந்துகொண்டிருந்த காலத்தில், பிரித்தானிய அந்துகளுக்கான மிகச் செல்வாக்குள்ள நூல் புகைப்படத்தைக் கைவிட்டு ஓவியத்துக்கு மீண்டது. மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு இது பின்னடைவாகத் தோன்றலாம். நூலின் வாசகர் யார் என்பதை நோக்கினால் விளக்கம் கிடைக்கும். 1950இல் றொபின்சன் சகோதரர் அறிமுகஞ்செய்த இரசஆவி விளக்குப் பொறி, பூச்சிகளை உயிருடன் பெருந்தொகையாகப் பிடித்துக் காலையில் விடுவிக்க வழிசெய்தது. சேகரித்துக் கொல்வோரின் தொகை குறைந்து, கண்டு பதிந்து விடுவோரின் தொகை பெருகியது. அவர்கள் காண்பது முட்டைப் பெட்டி அட்டையில் அமர்ந்திருக்கும் பூச்சியை. லூவிங்டனின் ஓவியங்கள் பூச்சியை அந்த அமர்வு நிலையிலேயே காட்டின. சமூக நடைமுறை மாறியது. உருவம் அதனைப் பின்தொடர்ந்தது.

ஓவியத்தின் வெற்றிக்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு புகைப்படம் ஒரு தனிப்பூச்சியின் படம். அதன் கிழிந்த விளிம்பும் உதிர்ந்த செதிலும் அன்றைய வெளிச்சமும் அதனுள் அடங்கும். ஓவியன் பல மாதிரிகளை நோக்கி, அவற்றுள் எது இனத்துக்குரியது, எது தனியனின் விபத்து என்று தீர்மானித்தே தூரிகையை எடுக்கின்றான். லூகாச் கூறும் வகைமாதிரி இதற்கு அணித்தானது. அது சராசரியன்று, எல்லாப் பூச்சிகளையும் கலந்து அரைத்தெடுத்த மங்கலான பொதுமையுமன்று. தனித்தன்மை குன்றாமலே இனத்தின் உறவுகளை ஏந்தி நிற்கும் உருவம் அது. லூவிங்டனின் சிறந்த தட்டுகள் இத்தரத்தன என்பதிற் சந்தேகமில்லை.

எனினும் யதார்த்தவாதம் ஓவியத்தில் உள்ளது, இயற்பண்புவாதம் புகைப்படத்தில் உள்ளது என்று இலகுவாக முடித்துவிடின் நாம் சாதனத்தை முறையெனக் கொண்டவராவோம். ஓவியமும் ஒரு பொய்யைச் சொல்லவல்லது. தட்டொன்றில் இரு உருவங்கள் அருகருகே நின்றாற் கண் அவற்றிடையே வேறுபாட்டைத் தேடும், தேடினாற் காணும். பிரிக்கமுடியாத இரு பூச்சிகளுக்கு இரு ஓவியங்கள் தரும் நூல், தன் உரையில் எத்துணை எச்சரித்தாலும், படத்தால் அவ்வெச்சரிக்கையை மறுத்துக்கொண்டேயிருக்கும். மேலும் ஓவியத்திலுள்ள பூச்சி என்றும் புத்தம்புதியது. விளக்கடியில் வரும் பூச்சியோ பல நாட் பறந்து செதிலிழந்தது. அதன் குறிகள் பாதி அழிந்தவை. பெயரிடுவதிற் பிணக்கு மிகுவது இத்தகைய தேய்ந்த பூச்சிகளிடத்திலேயே.

இவ்வகையில், வாசகர் தொகையிற் சிறிதாயினும் நாம் மிக உயர்வாக மதிப்பது டவுன்சென்ட், ஜோன் கிளிஃப்டன், பிறயன் கூடி ஆகிய மூவரும் 2010இல் வெளியிட்ட, இடர்தரும் இனங்கள் பற்றிய வழிகாட்டியையே. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் இனங்களை மட்டுமே எடுத்து, எவ்வடையாளம் நம்பத்தக்கது, எது நம்பத்தகாதது, எங்கே பிறப்புறுப்பை நோக்கியே தீரவேண்டும் என்பவற்றை அது நிரைப்படுத்துகின்றது. அழகிய நூலென்று அதனைக் கூறமுடியாது. ஆயின் அறியும் ஆற்றலின் எல்லையையே தன் பொருளாகக் கொண்ட நூல் அது.

அவ்வெல்லை நகர்ந்துகொண்டேயிருப்பது என்பதையும் இத்துறையின் வரலாறு காட்டும். செப்புப் பின்செட்டை கொண்ட அம்பிப்பைரா அந்து ஒன்றென்றே நெடுங்காலம் பிரித்தானியர் எண்ணியிருந்தனர். 1968இல் ஃபிளெச்சர் சுவென்சோனி என்னும் வடிவத்தை விபரித்தபின், அங்கு வாழ்வது இரண்டு இனங்கள் என்பது தெளிவாயிற்று. பின்செட்டையின் அடிப்பக்கத்தில் செப்பு நிறம் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பது முக்கிய வேறுபாடுகளுள் ஒன்று. அமர்ந்த பூச்சியை மேலிருந்து எடுத்த படத்தில் அது தெரியவே தெரியாது. வயல்வெளிகளில் மிகச் சாதாரணமான மெசபாமியா அந்திலிருந்து 1983இல் ரெம் என்பார் மற்றோர் இனத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு முன் அப்பெயரின் கீழ் எழுதப்பட்ட பதிவுகள் அனைத்தும், எழுதியோர் அறியாமலே, இரண்டின் கூட்டுப் பதிவுகள். இதனை உணர்ந்த பதிவாளர்கள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டனர். பிரிக்கமுடியாதவிடத்து ஓர் இனப் பெயரைத் துணியாமல், 'தொகுதி' எனப் பொருள்படும் குறுக்கத்தைச் சேர்த்து எழுதுவர். 'சாம்பற் குத்துவாள் தொகுதி' என்று எழுதியவர் தான் கண்டதற்கு மேல் ஒன்றும் கூறவில்லை.

தமிழ் ஏடுகளோடு பழகியோர்க்கு இவ்வொழுக்கம் புதிதன்று. ஏட்டுச் சுவடிகளிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை; ரகரத்துக்கும் காலுக்கும் வடிவு ஒன்று; எகர ஏகாரங்களுக்கும் வேற்றுமை இல்லை. 'கா' என்றும் 'கர' என்றும் 'கர்' என்றும் படிக்க இடந்தரும் ஒரே கீறலை, யாப்பும் பொருளும் பிற பிரதிகளும் நோக்கியே பதிப்பாசிரியர் தீர்மானித்தனர். சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் ஒரே ஆண்டில், 1887இல், வெளிவந்தன. அவ்விருவரும் ஏட்டின் தோற்றத்தை மட்டும் நம்பியிருப்பின் அப்பதிப்புகள் எத்தகையனவாய் இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். எழுத்தின் வடிவு முடிவுதராதவிடத்து அவ்வெழுத்து நிற்கும் உறவுகள் முடிவுதரும்; அவையும் தராதவிடத்துப் பாடபேதமாகக் காட்டி விடுதலே நேர்மை. அந்துப்பூச்சியைப் படிப்போரும் இதனையே செய்கின்றனர். எந்த மாதம், எந்த ஊர், எவ்வுயரம், அருகே நின்ற மரம் எது என்பன அவர்களது யாப்பும் பொருளுமாகும். இவற்றைச் சொல்லாத படம், முதலும் ஈறும் முறிந்த ஓலை. புகைப்படத்துக்கு விளக்கவரி இன்றியமையாததாகிவிட்டமையை வால்டர் பென்யமின் 1930களிலேயே கண்டார்.

சொல் பற்றி ஒரு சிறு குறிப்பு. இனங்களை உள்ளடக்கும் பெரிய பிரிவுக்கு இலங்கைக் கலைச்சொல்லாக்கத்தார் 'சாதி' என்னும் சொல்லை ஆண்டனர். பூச்சியின் சாதியைப் பல வேளைகளிற் செட்டையிற் காணலாம். இனத்தைக் காண்பதே கடினம். மனிதருடைய சாதியோ உடலில் எங்கும் எழுதப்பட்டதன்று. ஆயினும் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் அதனை அறியாதார் இலர். எது இயற்கையின் வேறுபாடு, எது உறவுகளால் நிலைநிறுத்தப்படும் வேறுபாடு என்பதை அச்சொல் மயக்கிவைக்கின்றது.

புகைப்படத்தின்மேல் நாம் வழக்குத் தொடுக்கவில்லை. பூச்சியைக் கொல்லாது பதிவுசெய்ய அது வழிசெய்தது. நுணுக்குக்காட்டியும் நூலகமும் இழுப்பறையும் இல்லாதோரை அறிவாக்கத்திற் பங்கேற்கச் செய்தது. முற்போக்காளன் இவ்வாதாயத்தைச் சிறிதாக எண்ணக்கூடாது. ஜோப் லெக்கின் வாரிசுகள் இன்று கைத்தொலைபேசியுடன் நிற்கின்றனர். ஆனால் அக்கருவியிலேயே இயங்கும் இனங்காண் செயலிகள் வேறொரு போக்கையும் வளர்க்கின்றன. படத்தைக் கொடுத்த கணத்திற் பெயரைத் தரும் அச்செயலிகள், முன்னர் மனிதர் பெயரிட்ட பெருந்தொகையான படங்களைக்கொண்டு பயிற்றப்பட்டவை. அப்பெயர்களைத் தந்தோருட் பலர் ஊதியமின்றி உழைத்தோர். அவர்களுடைய உழைப்பும் ஐயமும் பிழையும் விடைக்குள் மறைந்துவிட, விடை இயந்திரத்தின் தற்சார்பான அறிவுபோலத் தோன்றுகின்றது. குத்துவாள் இரண்டினுள் ஒன்றைச் செயலி துணிந்து கூறினால், படத்தில் இல்லாத ஒன்றையே அது கூறுகின்றது.

இது பொழுதுபோக்காளரின் பிணக்கு மட்டுமே எனின் இத்துணை எழுத வேண்டியதில்லை. பிரேசிலில் ஹெலிக்கோவெர்ப்பா சீயா என்னும் அந்தின் புழு சோளத்தின் பழைய பகை. அதனோடு தோற்றத்தால் முற்றிலும் ஒத்த ஹெலிக்கோவெர்ப்பா ஆமிஜெரா ஆசியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய கண்டங்களைப் பீடிப்பது. அது பிரேசிலில் இருப்பது 2013இலேயே அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகள் முன்னரே அது அங்கு புகுந்துவிட்டதெனப் பின்னைய ஆய்வுகள் காட்டின. பருத்தியும் சோயாவும் அழிந்துகொண்டிருந்தபோது, பலவகைப் பூச்சிகொல்லிகளைத் தாங்கவல்ல புதிய பகையொன்று பழைய பெயரின் நிழலிற் பெருகியது. இரண்டையும் பிரிக்கப் பிறப்புறுப்பை நோக்கவேண்டும், அன்றேற் பரம்பரையலகைப் படிக்கவேண்டும். தோற்றத்தை நம்பியதன் விலை பயிரில் இறுக்கப்பட்டது.

அமெரிக்கக் கண்டத்துக்குரிய ஸ்பொடொப்டெரா புரூஜிப்பெர்டா 2016இல் ஆபிரிக்காவிலும் 2018இல் இந்தியாவின் கர்நாடகத்திலும் அதே ஆண்டில் இலங்கையிலும் கண்டறியப்பட்டது. 2018/19 பெரும்போகச் சோளச் செய்கையைத் தாக்கிய அதனை நம் விவசாயிகள் 'சேனா படைப்புழு' என்ற பெயரால் அறிந்தனர். அதன் முதிர்ந்த பெண் அந்து மங்கிய சாம்பற் கபில நிறத்தது. நம் வயல்களில் முன்னரே வாழும் உறவினங்களிலிருந்து படத்தால் அதனைப் பிரிப்பது எளிதன்று. ஆனால் வளர்ந்த புழுவின் முகத்தில் தலைகீழான ஆங்கில 'வை' எழுத்தும், வாலை அண்டிய கண்டத்திற் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் உள. விவசாயிகளுக்கு வழங்கப்பட்ட துண்டுப்பிரசுரங்கள் புழுவைப் பெரிதாகக் காட்டியமை இதனாலேயே. கடனெடுத்துச் சோளம் விதைத்தவனுக்கு வேண்டியது அந்தின் அழகிய படமன்று. குருத்தை விரித்து எதனைப் பார்ப்பது என்னும் அறிவே. குத்துவாள்களிற்போல இங்கும் வேறுபாடு வளர்ச்சிப் பருவத்திலேயே எழுதப்பட்டுள்ளது.

இத்தொடர்பில் இலங்கை வாசகர் மறக்கலாகாத நூலொன்று உண்டு. பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை இலண்டனில் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'இலங்கையின் லெப்பிடொப்டெரா' 215 வர்ணத் தட்டுகளைக் கொண்டது. அத்தட்டுகளுக்கு ஆதாரமான ஓவியங்கள் பேராதனைத் தாவரவியற் பூங்காவில், அதன் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸின் மேற்பார்வையில், வில்லியம் டி அல்விஸ், ஜோர்ஜ் டி அல்விஸ் என்னும் சகோதரரால் வரையப்பட்டவை. அவர்களுடைய தந்தை ஹர்மானிஸ் டி அல்விஸும் அப்பூங்காவின் ஓவியரே. குடியேற்றவாதத்தின் அறிவுத்துறைப் பிரிவினை இதிற் தெளிவு: வரைந்த கை பேராதனையில், பெயரிட்ட கை இலண்டனில். மூர் முதன்முதல் விபரித்த இனங்களின் விஞ்ஞானப் பெயரையடுத்து இன்றும் மூரின் பெயர் நிற்கும். அது பெயரிடல் விதி. ஓவியனுக்கு அவ்விதியில் இடமில்லை.

ஆயின் உருவத்தை நோக்குங்கால் அச்சகோதரரின் முறை பின்வந்த பல நூல்களைவிட முன்னேறியது என்றே கூறவேண்டும். அவர்கள் இழுப்பறையை வரையவில்லை. உயிருள்ள புழுக்களை நோக்கினர். ஆகவே பல தட்டுகளிற் செட்டை விரித்த பூச்சியோடு அதன் புழுவும் கூட்டுப்புழுவும் ஒருங்கே இடம்பெற்றன. லூகாச்சின் சொல்லால் உரைப்பின், அத்தட்டுகள் வருணிப்பதோடு நில்லாது எடுத்துரைக்கின்றன. சாம்பற் குத்துவாளும் கருங் குத்துவாளும் இலங்கையில் இல்லை. அவை பேராதனையில் வாழ்ந்து அவ்விருவரின் கையிற் கிட்டியிருப்பின், தட்டின் மேற்பகுதியில் ஒரே பூச்சி இருமுறை நிற்கும்; கீழ்ப்பகுதியில் ஒன்று மஞ்சள் முதுகும் நெடுந் திமிலுமாக, மற்றது செம்மஞ்சட் பட்டையும் குட்டைத் திமிலுமாக, இரு புழுக்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்.